கண் மூடாத மயக்கம்

பூனைக்கு மயக்க ஊசி போட்டுச் சற்று நேரம்கூட ஆகவில்லை, கண்டிப் பக்கம் புகை எழுந்தது. எண்பத்து மூன்று ஜூலை, தமிழரைத் தேடித் தேடிக் கொன்ற நாட்கள். நான் கண்டிக்குப் பக்கத்தில் வேலை பார்த்த மிருக வைத்தியர், யாழ்ப்பாணத்துத் தமிழச்சி. என்னைக் கொல்ல அன்றைக்கு அதுவே போதும். பூனைக்காரி ரபீகா அதை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு, என்னையும் கணவனின் வான் வண்டிக்குள் தள்ளினாள். "பேசாம வாங்க டொக்டர்!" முஸ்லிம் ஊரான மடவளையில் அவள் வீட்டுக்குள் போய்த்தான் மூச்சு விட்டேன்.

நல்ல நேரம் பார்த்து ஆராய்ச்சி செய்யப் போனேன்! மயக்க மருந்து பூனையின் எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு குறைக்கிறது, மயக்கத்தில் உண்டாகும் ஒட்சிசன் நச்சால் அதன் இரத்தத்துக்கு எவ்வளவு சேதம் என்று பார்ப்பதுதான் வேலை. ஊசிக்கு முன் எடுத்த இரத்தம் பைக்குள் இருந்தது. தெளிந்ததும் இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.

ரபீகாவின் மாமி ஹவ்வா உம்மா பாயில் கிடந்த பூனையைக் கண்டு பதறிப்போனார். "யா அல்லாஹ்! கண்ணத் தொறந்தபடியே மௌத்தாகிட்டே!" உள்ளங்கையால் அதன் கண்களை மூடப் பார்த்தார். மூடவில்லை.

"சாகேல்லை உம்மா! இந்த மருந்துக்குக் கண் மூடாது. உயிர் இருக்கு, அசையாது, அவ்வளவுதான்," என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்போது வாசலுக்கு முன்னால் ஒழுங்கையில் கூச்சல். வான் வண்டியில் வந்த தமிழ் டொக்டர் எங்கே என்று ஒரு கும்பல் சிங்களத்தில் கேட்டது. பின்பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஹவ்வா உம்மா என்னைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார்.

"படு மகள். இது மாதிரியே கிட."

வெள்ளைத் துணியால் தலையோடு காலாக மூடிவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவருக்கு ஓதும் யாசீனை ஓதத் தொடங்கினார். ரபீகா அழுதாள். அது நடிப்பில்லை.

செருப்புச் சத்தம் வாசலில் வந்து நின்றது. முஸ்லிம்களின் மரண வீடு எப்படியிருக்கும், பெண்ணின் உடலை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது என்றெல்லாம் அந்தப் பக்கத்துச் சிங்களவருக்குத் தெரியும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். என் கண்ணும் மூட மாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்துப் பூனை தெளிந்து, தள்ளாடி வந்து, என் வயிற்றில் ஏறியது. சனியனே, இறங்கு! துணி அசைந்தது. ஹவ்வா உம்மா ஓதுவதை நிறுத்தாமலே பூனையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"அனே, பவ்," என்று வாசலில் ஒருவன் இரக்கப்பட்டான். செருப்புகள் திரும்பிப் போயின.

"எனக்காகப் பொய் சொல்லிப்போட்டீங்கள் உம்மா."

"நான் எங்க பொய் சொன்னேன்? ஓதினேன்."

பூனையின் இரத்தத்தை எடுக்க ஊசியைத் தேடினேன். இனி எடுத்துத்தான் என்ன? அதில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால், மருந்தாலா பயத்தாலா என்று யாருக்குத் தெரியும்? இருந்தாலும் ஊசியைக் கையில் எடுத்தேன். அதன் மூடியைக் கழற்றாமலே பூனையின் காலில் வைத்து அழுத்தினேன்.

"பூனைக்குத் தெளிஞ்சிட்டு. ஒனக்குத்தான் இன்னம் தெளியல்ல," என்று ஹவ்வா உம்மா என் முகத்தில் உள்ளங்கையை வைத்தார். "மூடு மகள்."

அந்தக் கைக்குள்தான் கண் மூடியது. பிறகு அழுதேன், வாய்விட்டு.