தெக்கு மூலைப் படைவீரன்

வீட்டைக் கொடுக்க சத்யபாமாவுக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனாலும் கொடுத்துவிட்டாள். வீட்டைச் சுற்றிக் கிடக்கிற பறம்பு என்றைக்கோ இரண்டு ராஜாக்கள் வெட்டிக்கொண்ட நிலமாம், அந்தப் போர்க்களத்தைப் பாதுகாக்கணுமாம். குன்னத்துகால் பக்கம் ஏழெட்டுக் குடும்பத்தைக் கிளப்பிவிட்டது சர்க்கார். செத்த ராஜாவுக்கு உள்ள மரியாதை உயிரோடிருக்கிற மனுசிக்கு உண்டா?

அவளுக்குக் கவலையெல்லாம் பறம்பின் தெக்கு மூலையைப் பற்றித்தான். புருஷன் சோமனை எரித்தது அங்கே. அஸ்திக் கலயத்தைப் புதைத்ததும் அங்கே. வர்க்கலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைக்கணும். ‘அடுத்த கர்க்கடக வாவுக்கு ஆகட்டும்’ என்று ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தள்ளினாள். கலயத்தை வெளியே எடுத்தால் கரைத்தே ஆகணும், வேறு மண்ணில் வைக்கிற வழக்கமில்லை. அவரை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கக்கூஸ் கட்டப்போவது தெக்கு மூலையிலாக்கும் என்று டீக்கடையில் எவனோ கொளுத்திப் போட்டான். சத்யபாமா வீட்டுக்கு ஓடிவந்து மகனிடம் சொன்னாள்.

“அம்மா, நாளைக்கே எடுத்து வர்க்கலைக்குப் போவோம்” என்றான் அனூஜ்.

“போலே, உனக்க சோலியைப் பாரு.”

மறுநாள் தொல்லியல் அதிகாரி ரெஷ்மா பறம்பை அளக்க வந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். சத்யபாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மக்கா, அந்த மூலையில ஒரு படைவீரனைப் புதைச்சிருக்கு. தலைமுறையா நாங்க விளக்கு வைக்குதோம். அங்க ஒண்ணும் கட்டப்பிடாது, கேட்டியா?”

ரெஷ்மாவின் முகம் மலர்ந்துபோனது. சத்யபாமா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு பக்கத்து ஊரான கொல்லயிலில் வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். வீரன் கிடக்கிற இடம் என்றால் கும்பிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். படித்தவர்கள் தோண்டுவார்கள் என்பது அந்தப் பாவிக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் தெக்கு மூலையில் சதுரமாக ஒரு குழி, பக்கத்தில் ரெஷ்மா. கலயம் கட்டின துணியோடு திருவனந்தபுரம் ஆபீஸுக்குப் போய்விட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

“அது வீரன் இல்ல மக்கா, எனக்க வீட்டுக்காரராக்கும்! நான் பொய் சொன்னேன்” என்று குழியோரத்திலேயே உட்கார்ந்து கதறினாள்.

ரெஷ்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ அம்மா, இந்த மூலையில நாங்க ஒண்ணும் கட்டுறதா இல்லியே. புல்லு போட்டு விட்டிருப்போம். நீங்க சொன்னதுனாலதான் தோண்டினோம்.”

சத்யபாமா தலையில் அடித்துக்கொண்டாள். பரிசோதனை முடியணும், மேலேயிருந்து உத்தரவு வரணும், மாசக்கணக்காகலாம், ஆனால் பத்திரமாக இருக்கும் என்று ரெஷ்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“உங்க ஆபீஸில ராத்திரி ஆளு உண்டா மக்கா?” என்று கேட்டாள் சத்யபாமா. “அவருக்குத் தனியாக் கிடந்து பழக்கமில்ல.”