காவல்காரனும் காபிக் கிண்ணமும்

அபூ ஹாயில் பாதி ஆயுசைச் சோதனைச் சாவடியில் நின்றே கழித்தவர். கரக் மலைப் பாதையில் வரும் லாரிக்காரர்கள் அவர் மீசையைப் பார்த்ததுமே உண்மையைக் கக்கிவிடுவார்களாம். அவரே சொல்வதுதான். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கணினிக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கிப் போட்ட அன்று, ஒரு பட்டாளத்தையே கூடத்தில் இறக்கிவிட்ட தோரணையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

"மூலையில பச்சைக் குறி தெரியுதா? தெரியுது. அப்புறம் என்ன பயம்?"

மகள் ரிஹாபுக்குப் பயம் இருந்தது. ஜமீத் உருண்டைக்குள் கிருமிகள் எப்படிச் சாகின்றன என்று அவள் ஆராய்ந்து எழுதிய ஆய்வேடு அந்த ஒரே கணினியில்தான் கிடந்தது. காய்ந்த தயிர் உருண்டையைக் கரைத்து மன்சஃப் என்ற ஆட்டுக்கறிச் சோறு சமைக்கிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். ரிஹாபுக்கு அதுதான் பட்டம், அதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் அதை வைத்துக்கொண்டு நின்றாக வேண்டும்.

"பென்டிரைவ்ல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிறேன்ப்பா" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"நான் நிறுத்தி வெச்ச காவல்காரன் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு? கண்டவன் பாக்கெட்ல கிடந்த குச்சியைக் கொண்டாந்து குத்தி, நீயே நோயை உள்ள விடாதே."

அப்பாவின் முகம் வாடுவதைப் பார்க்க மனசில்லாமல் அவளும் விட்டுவிட்டாள். சுத்த முட்டாள்தனம். அப்பாவின் முகம் வாடினால் ஒரு டம்ளர் தேநீரில் சரியாகிவிடும், ஆய்வேடு அப்படியா?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அடுக்களையில் அம்மா ஃபித்தாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவின் கைபேசி அடித்தது. அவருக்கு அதைக் காதில் வைத்துப் பேசப் பிடிக்காது. தெருவுக்கே கேட்கும்படி சத்தத்தைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார்.

"வாங்க வாங்க! உடம்பு எப்படி? வீட்ல எல்லாரும் எப்படி? ஆடுங்க எப்படி? உங்க பக்கம் மழையா?"

"யாரு ஃபோன்ல?" என்று அடுக்களையிலிருந்தே கத்தினாள் ஃபித்தா.

"தெரியலை. வந்ததும் வராததுமா பேரைக் கேக்குறது மரியாதையா?"

எதிர்முனையில் தேன் ஒழுகும் ஓர் இளைஞன் குரல். "மாமா, உங்க வைரஸ் தடுப்புக் கம்பெனியிலருந்து பேசுறேன். உங்ககிட்ட ஒரு காரியமா வந்திருக்கேன். என் முன்னால காபி இருக்கு மாமா. ஆனா நான் குடிக்கப் போறதில்ல."

ரிஹாபின் கையிலிருந்த கத்தி நின்றது. எங்கள் பக்கத்தில் ஒருவன் காபிக் கிண்ணத்தைத் தொடாமல் கீழே வைத்துவிட்டால், வீட்டுக்காரருக்கு வேறு பேச்சே கிடையாது. கேட்டதைக் கொடுக்க வேண்டும். ஆறிய காபியோடு ஆளைத் திருப்பி அனுப்புவதைவிட மீசையை மழித்துக்கொள்ளலாம்.

"குடி தம்பி! வந்த காரியம் ஆச்சு!" என்றார் அபூ ஹாயில்.

"அப்பா, வேணாம்!" என்று ரிஹாப் வெங்காயமும் கண்ணீருமாக ஓடிவந்தாள். அதற்குள் அவன் சொன்ன எதையோ அப்பா இறக்கி முடித்திருந்தார். திரையில் மென்பொருள் சிவப்பாகக் கத்தியது: யாரோ அந்நியர் உள்ளே வரப் பார்க்கிறார், அனுமதிக்கலாமா?

"விருந்தாளியை வாசல்ல நிறுத்தி வெச்சு என்ன கேள்வி? வெட்கமா இல்ல உனக்கு?" என்று அப்பா கணினியைத் திட்டிக்கொண்டே அனுமதி கொடுத்தார். காவல்காரனைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்று பையன் கேட்க, மென்பொருளையும் அணைத்தார். திரையில் அம்புக்குறி தானாக ஓட ஆரம்பித்தது.

"பாத்தியா, உள்ள வந்துட்டான்! ஃபித்தா, காபி போடு!"

ரிஹாப் மின்கம்பியைப் பிடுங்கப் பாய்ந்தாள். அதற்குள் திரை கறுத்துப்போயிற்று. நடுவில் ஒரே ஒரு வரி: எல்லாம் பூட்டப்பட்டது, திறக்க வேண்டுமானால் இந்த எண்ணில் பேசவும்.

ரிஹாப் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வெங்காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவை இப்போதே பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, இஞ்சி தின்ற குரங்காக அவர் விழிப்பதைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

"சாவடியில ஒரு லாரியைக்கூட இப்படி விட்டதில்லையே..." என்று முனகினார் அவர்.

"லாரிக்காரன் காபி கேக்கலைப்பா. கேட்டிருந்தா விட்டிருப்பீங்க." சொன்னதும் அவளுக்கு அழுகை நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவன் வந்த வழியிலயே நாமளும் போவோம். ஜாஹா கூட்டுங்க."

"ஊர்ப் பெரியவங்களைத் திரட்டிக்கிட்டுத் திருட்டுப் பய வீட்டுக்கா? வீடே தெரியாதே!"

"நம்பர் தெரியுமே."

சாயங்காலத்துக்குள் சித்தப்பா, பெரியப்பாமார் எல்லாரும் நல்ல அங்கி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கைபேசியைப் பூப்போட்ட திண்டில் சாய்த்து, விருந்தாளி உட்காரும் இடத்தில் வைத்தார்கள். கைபேசிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. முதுகைக் காட்டி உட்காரவைத்தால் மரியாதையில்லையே. கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் காபி ஊற்றினார்கள், கைபேசிக்கும் சேர்த்து. ஒருவரும் தொடவில்லை.

"என்ன, பணம் ரெடியா?" என்றது தேன் குரல். இப்போது தேன் இல்லை.

மூத்தவர் அபூ துர்கி இறைவனைப் புகழ்ந்தார். பிறகு மழையைப் புகழ்ந்தார், பிறகு திருடனின் முன்னோர்களைப் புகழ்ந்தார். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "மகனே, நீ நல்ல வீட்டுப் பிள்ளை. நாங்க இத்தனை தாடியும் ஜாஹாவா உன் வாசலுக்கு வந்திருக்கோம். எங்க பொண்ணோட ஆய்வேட்டைக் கேட்டு வந்திருக்கோம். எங்க காபி ஆறிக்கிட்டு இருக்கு."

"யோவ், என்ன விளையாட்டா?"

அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. "யார்டா அது? பெரியவங்க குரலா இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, நீ போ."

"ஜாஹான்னு என் காதுல விழுந்துதே! நம்ம வாசல்ல ஜாஹா உக்காந்து காபி ஆறுதா? உங்கப்பன் இருந்திருந்தா உன் தோலை உரிச்சிருப்பான்!"

"வாசல்ல யாரும் இல்லம்மா! ஃபோன்லதான்..."

"ஃபோன்ல வந்தா ஜாஹா இல்லையா?" செருப்பு போய் விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. "ஐயாமாரே, மன்னிச்சுக்குங்க! எதைக் கேட்டு வந்தீங்களோ, அது ஆச்சு! காபியைக் குடிங்க!"

எல்லாரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். கணினியும் திறந்துகொண்டது. ஜமீத், கிருமிகள், அடிக்குறிப்புகள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ரிஹாப் மென்பொருளை மறுபடி முடுக்கியதும் மூலையில் பச்சைக் குறி எட்டிப் பார்த்தது: அபாயம் எதுவும் காணப்படவில்லை.

"கெட்டிக்காரக் காவல்காரன்!" என்று பாராட்டினார் அபூ துர்கி. அபூ ஹாயில் அதை முறைத்தார்.

முதல் வேலையாக ரிஹாப் ஆய்வேட்டுக்கு நகல் எடுத்தாள். அந்தப் பென்டிரைவை ஃபித்தா அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பிறகு ரிஹாப் தனக்கென்று ஒரு கிண்ணம் காபி ஊற்றி அப்பாவின் எதிரே உட்கார்ந்து, அதைத் தொடாமல் கீழே வைத்தாள்.

"கேளு" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

"இனிமே யார் கேட்டாலும், எவ்வளவு இனிக்கப் பேசினாலும், என்னைக் கேக்காம சரின்னு சொல்லக் கூடாது."

அவர் மீசை துடித்தது. பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். "குடி கண்ணு. ஆச்சு."

அவள் கிண்ணத்தை எடுப்பதற்குள் திண்டிலிருந்த கைபேசி அடித்தது. அந்தத் திருடனின் அம்மா.

"அண்ணே, எவ்வளவு மரியாதையான குடும்பம் உங்களோடது! பொண்ணு படிச்ச பொண்ணாமே. என் பையனுக்கும் கம்ப்யூட்டர்ல நல்ல கைராசி, நீங்களே பாத்துட்டீங்க. அதான் பொண்ணு கேட்டு வந்தேன். என் முன்னால காபி இருக்கு. தொடலை."

சித்தப்பாமார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அபூ ஹாயிலின் உதடுகள் பழக்கதோஷத்தில் 'கு' என்று குவிந்தே விட்டன. அவர் மெல்லத் திரும்பி ரிஹாபைப் பார்த்தார். அவள் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள்.

"தங்கச்சி," என்றார் அவர். "அந்தக் காபி ஆறட்டும்."

ரிஹாப் தன் கிண்ணத்தை எடுத்தாள். அதுவும் ஆறித்தான் போயிருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.