புது சைக்கிளோடு என்னென்ன வரும்

திரைச்சீலை தைப்பவருக்கு எதைக் கண்டாலும் ‘இது எதுக்கு?’ என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது. சைக்கிள் கடைக்குள் நுழைந்த கையோடு சுவரில் தொங்கியதையெல்லாம் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த மனைவி வாசலிலேயே நின்றுகொண்டாள். பழைய நாளாக இருந்தால் அங்கிருந்தே ஒரு அதட்டல் வந்திருக்கும். இப்போது வராது. தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது டாக்டர்கள் அவள் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் சைக்கிளில் போவதே தனி தினுசு. அவர் மிதிப்பார், அவள் ஓட்டுவாள் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தைத்த திரைகளை மடியில் அடுக்கிக்கொண்டு கேரியரில் அவள் உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் உள்ள உலகம் முழுக்க அவள் பொறுப்பு. “வேன் வருது, ஓரமாப் போங்க.” “இருங்க, இருங்க… ம், இப்பத் திரும்புங்க.” நடுநடுவே ஊர் வம்பும் வரும். அவர் பாட்டுக்கு முன்னால் பார்த்து மிதிப்பார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

குரல் போன பிறகு, சொல்வதற்குப் பதிலாக அவள் அவர் முதுகில் தட்டிப் பார்த்தாள். மனிதருக்கு விலாவிலிருந்து முதுகு வரைக்கும் ஒரே கூச்சம். தொட்டதும் நெளிந்தார், ஹேண்டில்பாரும் கூட நெளிந்தது, வெள்ளைத் திரைகள் நாலும் சாக்கடையில் விழுந்து வேறு நிறமாகிவிட்டன. அன்றிலிருந்து அவள் கேரியரில் ஏறுவதில்லை.

சரி என்று தனியாகப் போனார். தெருமுனையில் வழக்கம்போல அவள் குரலுக்குக் காதைக் கொடுத்தார். சத்தமில்லை. திரும்பினார். பின்னால் வந்த வேன் பின்சக்கரத்தை அப்பளமாக்கிவிட்டது. அவர் முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்தார். “சத்தம் வரலன்னா வண்டி வரலன்னுதானே அர்த்தம்?” என்று ஆஸ்பத்திரியில் அப்பாவியாகக் கேட்டபோது, அவள் அழுதாள். அந்த அழுகைக்கும் சத்தமில்லை.

இப்போது புது சைக்கிள். வாங்குவது பெரிய காரியமில்லை. அவள் ஏறுவாளா என்பதுதான் அவரை அரித்தது. ஏறமாட்டாள் என்றால் அவருக்கு எந்தச் சைக்கிளும் வேண்டாம்.

கடைக்காரரைத் தெருவே ‘போக்ஸ்’ என்றுதான் கூப்பிடும். ஆள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி மாதிரி அவ்வளவு ஒல்லி.

“அண்ணே, வண்டியோட பெல்லு, பூட்டு, ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் வரும். கேரியர் மட்டும் தனியா வாங்கணும்,” என்றார் போக்ஸ்.

“கேரியர் இல்லாம ஒரு சைக்கிளா? கூட வர்ற ஆளு எங்க உக்காரும்?”

“இப்பல்லாம் எல்லாரும் தனியாத்தானண்ணே போறாங்க.”

திரைக்காரர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே வந்து, ஒரு கேரியரின் கம்பிகளைத் துணி வாங்கும்போது நெசவைப் பார்ப்பதுபோல விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“கேரியர் போடுங்க. நல்லா அகலமாப் போடுங்க,” என்றார் சத்தமாக. “ஆமா, இது எதுக்கு?”

“செயின் கவர். பேண்ட் மாட்டாம இருக்கும்.”

“இது?”

“ரிஃப்ளெக்டர். வெளிச்சம் பட்டா மின்னும்.”

“இது?”

“கண்ணாடிண்ணே. ஹேண்டில்பார்ல மாட்டிட்டா பின்னாடி வர்றதெல்லாம் தெரியும்.”

மாட்டிக் காட்டச் சொன்னார். சீட்டில் ஏறி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வாய் பிளந்துவிட்டது. பின்னால் இவ்வளவு பெரிய தெருவா! பெட்டிக்கடை, பேருந்து, நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர், எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருந்தது. “இங்க பாரேன், மொத்தத் தெருவும் உள்ள இருக்கு!” என்று கூவினார். “இனிமே கவலையே இல்ல. நீ கஷ்டப்படவே வேணாம்!”

அவள் வந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதன் திருகைக் கழற்றி, கழற்றிய கண்ணாடியைப் போக்ஸின் கையில் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

“அக்கா, இது உங்க நல்லதுக்குத்தான்,” என்று போக்ஸ் இழுத்தார்.

எதற்கு இந்தக் கோபம்? விலையா? அதற்கெல்லாம் கோபப்படுகிறவள் இல்லை. கண்ணாடி கோணலா? இல்லையே. தைக்கும்போது துணியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுபோல, தான் பேசியதையே ஒரு முறை திருப்பிப் பார்த்தார். நீ கஷ்டப்படவே வேணாம். அதாவது, நீ வேணாம். சுருக்கென்றது. ‘நீதான் என் கண்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் இப்படி உளறியிருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றார். “கண்ணாடி இருந்தா உன்னை வீட்டுல விட்டுட்டுப் போயிடுவேன்னு நெனச்சியா?”

அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கண்ணாடி வேணாம். நீ ஏறணும். எப்படின்னு எனக்குத் தெரியல. நீதான் ஒரு வழி சொல்லணும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைக் கிளறினாள். இரண்டு ஆண்களும் என்ன எடுக்கப் போகிறாள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு பெல்லை எடுத்து வந்தாள்.

“பெல்லுதான் வண்டியோடவே வருதேக்கா,” என்றார் போக்ஸ்.

அவள் தலையாட்டி மறுத்தாள். சீட்டுக்குக் கீழே, பின்பக்கமாக அதை வைத்துப் பிடித்தாள். கேரியரில் உட்கார்கிறவர் கைக்கு எட்டுகிற இடம்.

போக்ஸுக்குப் புரியவில்லை. திரைக்காரருக்குப் புரிந்துவிட்டது. “மாட்டுய்யா!” என்று துள்ளினார். “முன்னாடி பெல்லு ஊருக்கு. பின்னாடி பெல்லு எனக்கு!”

கடையிலேயே பேச்சு முடிவாயிற்று. பெல்லில் ஒரு அடி என்றால் நில். இரண்டு அடி என்றால் போகலாம். அவர் ஏறி உட்கார்ந்தார். கேரியர் கொஞ்சம் அமுங்கியது. அந்த அமுங்கல் தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

முதல் தெரு முழுக்கப் பின்னாடி பெல் அடிக்கவே இல்லை. “இருக்கியா?” என்றார். டிங். பயந்து பிரேக்கைப் பிடித்துவிட்டார். அப்புறம் அசடு வழிந்துகொண்டே மிதித்தார். முனையில் டிங். நின்றார். மணல் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு உரசினாற்போலப் போயிற்று. டிங் டிங். திரும்பினார். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு மிதித்தார்.

திடீரென்று பெல் விடாமல் அலறியது. ஒன்றல்ல, இரண்டல்ல. கடையில் பேசிக்கொண்ட கணக்கில் இது இல்லவே இல்லை. ஓரம்கட்டிக் காலை ஊன்றி, பதறிப்போய்க் கழுத்தைத் திருப்பினார். “என்ன? என்ன ஆச்சு?”

வண்டி எதுவும் வரவில்லை. அவள் சாலையைக் காட்டினாள். அங்கே அப்போதுதான் வரைந்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் நேராக ஏறி வந்திருக்கிறார். ஈரப் பெயின்ட் நெடுக டயர் தடம் இழுபட்டிருந்தது. தூரத்தில் பெயின்ட் அடிக்கிறவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடியும் பெல்லைப் பிடித்தாள். முதலில் படபடவென்று, பிறகு மூச்சு வாங்குகிறாற்போல ஒரு இடைவெளி, பிறகு விட்ட இடத்திலிருந்து இன்னும் வேகமாக. அந்த ஏற்ற இறக்கம் அவருக்கு அத்துப்படி.

“திட்டுறியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை மாதமாயிற்று! தெரு என்றும் பார்க்காமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“இன்னும் திட்டு,” என்றார்.

தெருவில் போனவர்களெல்லாம் நின்று திரும்பிப் பார்க்கிற வரைக்கும் அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.