பலகை நிழல்

தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குப் பாஸ்கட்பால் கம்பம் நட்டுக் கொடுத்த மகராசன் பண்ணையார் ஞானசம்பந்தம். 1936இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த மதுரைப் பையன்கள்தான் எதிரணி. இடைவேளை வரை தென்காசி முன்னால் நின்றது.

அப்போதுதான் பண்ணையார் வந்தார். சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வளையம் மாட்டிய பலகை நிழல் தரும் என்று, வளையத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கச் சொல்ல வாத்தியாருக்கே வாய் வரவில்லை.

பக்கம் மாறியதில் தென்காசிக்கு வாய்த்தது அந்த வளையம். சங்கரபாண்டி கைக்குப் பந்து வந்தது. நனைந்த மாட்டுத்தோல், கல்லாய்க் கனத்தது. கூடைக்குள் போனால் நேரே பண்ணையாரின் தலைப்பாகையில்தான் விழும். அப்பா உழுவதோ அவர் வயல். அவன் எறியவில்லை, கடைசிவரை ஒருத்தனும் எறியவில்லை.

தோற்று நின்றவர்களைப் பார்த்துப் பண்ணையார் உதட்டைப் பிதுக்கினார். "கூடை என் தலைக்கு மேலதான தொங்குது? ஒரு பந்து போடத் துப்பில்ல. ஒங்களுக்கு எதுக்குலே கம்பம்?"

மறுநாள் கம்பங்களைப் பிடுங்க அனுப்பப்பட்டவர் சங்கரபாண்டியின் அப்பா. மண்ணும் வேர்வையுமாக வீடு திரும்பியவர் மகனை முறைத்தார்.

"ஐயா முகத்துக்காகவாவது ஒரு பந்து போட்டிருக்கக் கூடாதாலே?"