திரும்பி வரும் ரயில்

எங்கள் வீட்டில் யாரும் வெறுங்கையோடு நடமாட முடியாது. மாடி ஏறுகிறவர் மடித்த துணியைக் கொண்டுபோக வேண்டும். இறங்குகிறவர் குடித்துவைத்த டம்ளரைக் கொண்டுவர வேண்டும். அண்ணன் போட்ட சட்டம் அது. நாற்பது லாரி வைத்து ஓட்டுகிறவன். அதில் ஒன்று காலியாகத் திரும்பியது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். புதுமாப்பிள்ளையாக வீட்டுக்குள் நுழைந்தபோதே ஒரு கையில் அண்ணியையும் இன்னொரு கையில் வாசலில் கிடந்த மடக்கு நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டு வந்தவன். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நான் வேலை பார்ப்பது சரக்கு ரயில் பாதை போடும் ஒரு தனியார் நிறுவனத்தில். மலையடிவாரத்துச் சிமெண்ட் ஆலைகளிலிருந்து துறைமுகம் வரை புதுப் பாதை. நிலம் அரசாங்கத்துடையது. முதலீட்டில் பாதி அவர்கள், பாதி நாங்கள். முப்பது வருடம் நாங்கள் ரயில் ஓட்டி வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாகப் பேச்சு. எல்லாம் கூடிவந்து கடைசியில் ஒரே ஒரு ஷரத்தில் சிக்கிக்கொண்டது. சரக்கு போதாமல் போனால் அந்த நஷ்டத்தை அரசாங்கம் ஈடுகட்ட வேண்டும் என்றார் எங்கள் இயக்குநர். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அரசுச் செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காலி ரயிலுக்கு மக்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு நான் வெளியே போவது என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். எங்கள் திட்டம் முழுக்கப் போகிற ரயிலைப் பற்றியதுதான். வருகிற ரயில் காலியாகத்தான் வரும் என்று இத்தனை படித்தவர்களும், நான் உட்பட, தலையாட்டிக்கொண்டு இருந்தோம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயக்குநர் கோப்பை மூடிவிட்டு எழுந்திருக்கப் போனார். அதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அந்த ஷரத்தை எடுத்துடலாம் சார். திரும்பி வர்ற ரயிலை நான் நிரப்பித் தரேன்."

செயலாளர் அம்மா திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். அன்றைக்கும் பதில் இல்லையென்றால் திட்டத்தை ஊற்றி மூட வேண்டியதுதான். லிஃப்டில் இறங்கும்போது எதை வைத்து நிரப்புவாய் என்று இயக்குநர் கேட்டார். லாரி உரிமையாளர் சங்கத் தலைவரை வைத்து என்றேன். நம் அளவெடுப்பு வண்டிகளை மறித்து லாரியைக் குறுக்கே நிறுத்தியவரா என்றார். ஆமாம், என் கூடப்பிறந்த அண்ணன்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்த உறவை முதலிலேயே செயலாளர் தரப்பிடம் சொல்லிவிடு என்றார். அன்று மாலையே சொல்லிவிட்டேன்.

துறைமுகத்தில் உரமும் கோதுமையும் இறக்குகிற வியாபாரிகள் அண்ணனின் வாய்ச்சொல்லை நம்பித்தான் சரக்கை ஏற்றுவார்கள். அவன் சொன்னால் வருவார்கள். நான் கால் கடுக்க நின்றாலும் வரமாட்டார்கள். ஆனால் அவன் என்னோடு பேசியே இரண்டு வருடம் ஆகிறது. ரயில் வந்தால் லாரிகளின் தூர ஓட்டம் போய்விடும் என்று கொடி பிடித்தவன் அவன். ஒரே மேஜையில் சாப்பிட்டாலும் என் பக்கத்திலிருக்கும் தண்ணீரை அண்ணியிடம்தான் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாதையின் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவனுடைய லாரி ஷெட்டுக்குப் போனேன். கீழே டயர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்புப் படி ஏறினால் மேலே அவன் அறை. வரைபடத்தை அவன் மேஜைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கைக்குக் கிடைத்த நட்டுகளை வைத்தேன். டீ வந்தது. குடித்தோம். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"என் வயித்துல அடிக்கிறதுக்கு என்கிட்டயே கம்பு கேட்டு வந்திருக்கியா?"

இரண்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. திட்டாக இருந்தாலும் காதுக்கு இனித்தது. நான் விடவில்லை. தூர ஓட்டம் போகும், அதில் பொய் சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் ஆலையிலிருந்து ரயில் யார்டுக்கும், யார்டிலிருந்து கடைகளுக்கும் ரயிலா போகும்? இரண்டு முனையிலும் லாரிதான் வேண்டும். ஓட்டுநர்கள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம். நாங்கள் போடாவிட்டாலும் ஒருநாள் எவனோ ஒருவன் பாதை போடுவான், அவனுடைய லாரிகளையும் கூடவே கொண்டுவருவான் என்றேன்.

அவன் மீசையைத் தடவினான்.

"உன்கிட்ட கத்துக்கிட்டதைத்தான் அண்ணே அங்க பேசினேன். வண்டி காலியாத் திரும்பக் கூடாதுன்னு."

ரயிலுக்காக மட்டும் நான் வரவில்லை. இந்த முரட்டு மனிதன் இல்லாமல் இரண்டு வருடம் சோறு இறங்கவில்லை எனக்கு. அண்ணன் வரைபடத்தின் மீது குனிந்தான். துறைமுகத்திலிருந்து விரலை வைத்து மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு வந்தான்.

"உரம் ஏத்தின பெட்டியில கோதுமை ஏத்தினா நாறிப்போகும். தனிப் பெட்டி இருக்கா?"

இப்போது இல்லை, நீ கேட்டால் திங்கட்கிழமையே எழுதி வாங்குகிறேன் என்றேன். அதற்குள் கீழேயிருந்து மெக்கானிக் கூப்பிட்டார். அண்ணன் எழுந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, கைகளையே பார்த்தேன். தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கதவுவரை போனான். அது எப்போதும் எடுப்பதுதான். அங்கே நின்றான். திரும்பி வந்து நட்டுகளை ஒதுக்கிவிட்டு, வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான். என் டம்ளரையும் எடுத்துக்கொண்டான்.

படியில் பாதி இறங்கியபின் அவன் குரல் வந்தது.

"வெறுங்கையோட இறங்காத. மூலையில இருக்கிற மடக்கு நாற்காலியெல்லாம் எடுத்துட்டு வா. சங்கத்து ஆளுங்களை வரச் சொல்லப்போறேன், உட்காரணும்ல."

இரண்டு கையிலும் இரண்டிரண்டு நாற்காலிகளோடு அவன் பின்னாலேயே இறங்கினேன்.