ஸெம்ரான் ஃபேமிலி ஃபீல்ட்

அமீரகத்தில், அல் ஐன் நகரத்தில் அந்தக் கிரவுண்டுக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. பக்கத்தில் ஒரு கார் வாஷ் இருந்ததால் பிள்ளைகள் கார்வாஷ் கிரவுண்ட் என்பார்கள். சுற்றிலும் கம்பி வலை, நடுவில் வெறும் மணல். மூலைக்கு மூலை கிரிக்கெட் ஆடுகிற ஊரில், ஒரு அமெரிக்க டீச்சரம்மா பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பேஸ்பால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது அங்கேதான்.

சேதுமாதவனின் மகள் ஸ்வாதி அந்த டீமில் கேட்சர். மட்டை பிடிக்கிறவளுக்குப் பின்னால், முகத்தில் கூண்டு மாதிரி ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள். முதல் தடவை பார்த்தபோது, "நம்ம விக்கெட் கீப்பர்தானே இது?" என்று கேட்டார்.

"ப்பா, ப்ளீஸ். கோச் முன்னாடி அப்படிச் சொல்லி மானத்த வாங்காதீங்க."

சேதுமாதவனுக்கு ஸெம்ரான் கூலிங் கம்பெனியில் வேலை. பெரிய பெரிய கட்டடங்களின் ஏ.சி. மெஷின்களைப் பராமரிக்கிற கம்பெனி. திருச்சியிலிருந்து வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதே கம்பெனிதான் அந்த மணல் கிரவுண்டில் செயற்கைப் புல் விரித்து, விளக்குக் கம்பம் நட்டு, உட்கார கேலரி கட்டித் தர முன்வந்தது. பதிலுக்குக் கிரவுண்டுக்குக் கம்பெனி வைக்கிற பெயர்தான். என்ன பெயர் என்பதற்கு ஊழியர்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிறவர் பெயர் வாசலில் பித்தளைத் தகட்டில் இருக்கும், திறப்பு விழா மேடையில் மரியாதை உண்டு என்று எல்லோருக்கும் மெயில் வந்தது.

பாதிப் பேர் எம்.டி.யின் அப்பா பெயரை எழுதி அனுப்பினார்கள். ஐஸ் வைப்பதில் நம்மாட்களை மிஞ்ச முடியுமா? சேதுமாதவன் அப்படி எழுதவில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் எம்.டி. மைக்கைப் பிடித்ததும் முதலில் சொல்வது, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பதுதான். அது இவருடைய மனசில் நிஜமாகவே பதிந்திருந்தது. அம்மா தவறியபோது கம்பெனிதான் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பியது. அதனால் 'ஸெம்ரான் ஃபேமிலி ஃபீல்ட்' என்று எழுதினார். எம்.டி.க்குப் பிடித்துப்போனது. என் அப்பா பெயர் வேண்டாம், இதுதான் நம் எல்லோருக்குமான பெயர் என்று சொல்லிவிட்டாராம்.

வீட்டில் அன்றைக்குப் பாயசம். பத்மா திருச்சியில் இருக்கிற அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, "இங்க ஒரு ஸ்டேடியத்துக்கே இவர்தான்க்கா பேர் வச்சிருக்கார்" என்றாள். ஸ்வாதி டீமில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

அது நடந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி காண்ட்ராக்ட் ஒன்று கை நழுவிப்போனது. ஆட்களைக் குறைத்தார்கள். அதில் சேதுமாதவனும் ஒருவர்.

நோட்டீஸ் காலம் முடியும்வரை தினமும் ஆபீஸ் போய் வந்ததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவரும் தள்ளிக்கொண்டே போனார். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம் என்று ஒரு நப்பாசை. போன இண்டர்வியூக்களில் எல்லாம், இவர் வயதைக் கேட்டதும் எதிரே இருந்தவர்கள் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள்.

கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. திறப்பு விழா அதை அடுத்த சனிக்கிழமை. வியாழன் மத்தியானம் ஹெச்.ஆரில் இருக்கும் சந்தியா கூப்பிட்டனுப்பினாள்.

"உக்காருங்க சார். ஒரு சின்ன விஷயம். அந்தத் தகட்டுல 'நம்ம ஊழியர்'னுதான் போடுறாங்க. சனிக்கிழமை நீங்க..." சொல்லி முடிக்காமல் நிறுத்தினாள்.

"ஊழியர் இல்ல."

"மேல இருந்து சொல்லிட்டாங்க சார். நான் பேசிப் பாத்தேன். உங்க டிபார்ட்மெண்ட்லேருந்தே ஒருத்தர் பேரப் போடச் சொன்னாங்க. சதீஷ்குமார்."

"கிரவுண்டு பேரு?"

"அது அதேதான் சார். பேரு எம்.டி.க்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"வச்சவன் மட்டும் மாறணும்."

சந்தியா மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரை நேராக எடுத்து வைத்தாள்.

சீட்டுக்குத் திரும்பி வந்தால் சதீஷ்குமார் காத்துக்கொண்டு நிற்கிறான். துறையூர்ப் பையன், இவரிடம்தான் வேலை பழகினான். போன மாசம்தான் மனைவி பானுப்பிரியாவையும் கைக்குழந்தையையும் விசா எடுத்துக் கூட்டி வந்திருந்தான்.

"அண்ணே, என்னைய மேடை ஏறச் சொல்றாங்க. நான் முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

"லூசாடா நீ?"

"உங்க பேரு அது. நான் போயி வாங்குனா வெளங்குமா?"

"முடியாதுன்னு சொல்லிட்டு அப்புறம் என்ன பண்ணுவ? பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் துறையூருக்குப் போவியா? அடுத்த லிஸ்டுக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. வாய மூடிக்கிட்டுப் போய் வாங்கு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வீட்டுல அண்ணிகிட்ட எல்லாம் சொல்லிட்டீங்கள்ல?"

"சொல்லிட்டேன்" என்றார் சேதுமாதவன். பொய் வாயில் வந்த வேகத்தில் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சொல்லியே தீருவது என்று முடிவு செய்திருந்தார். பத்மா புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "பத்மா" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஸ்வாதி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ப்பா, நாளைக்கு உங்க பேர் சொல்றப்ப டீம் மொத்தமும் விசில் அடிக்கப் போறோம். கோச்சுக்கும் தெரியும். ஹாலிதா மட்டும் நம்பல. உங்கப்பா சும்மா கதை விடுறார்ங்கறா."

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள் பத்மா.

"ஒண்ணுமில்ல. பார்டர் கருகிடப் போகுது, பாத்து."

சனிக்கிழமை சாயங்காலம் கிரவுண்டே அடையாளம் தெரியவில்லை. பச்சைப் பசேலென்று புல், வெள்ளை வெளேரென்று கோடுகள். கேலரிக்கு மேலே ஆளுயர எழுத்தில் அந்தப் பெயர். பத்மா அதற்குக் கீழே நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டாள். பித்தளைத் தகட்டின் மேல் இன்னும் சிவப்புத் துணி போட்டு மூடியிருந்தது. மேடைக்குக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்து போக வசதி என்று, ஓரத்துச் சீட்டில் அவரை உட்கார வைத்தாள். 'இப்பவாவது சொல்லுடா' என்று மனசு அடித்துக்கொண்டது. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

எம்.டி. பேசினார். ஒரே குடும்பம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பத்மாவும் தட்டினாள். பிறகு மைக்கில் ஒரு பெண் குரல், இந்த அழகான பெயரைத் தந்த நம் ஊழியர் மிஸ்டர் சதீஷ்குமார் மேடைக்கு வரவும் என்றது.

மைதானத்தின் ஓரத்திலிருந்து விசில் கிளம்பி, பாதியிலேயே நின்றுபோனது.

"ஏங்க, மாத்திக் கூப்பிடறாங்க. எந்திரிங்க. போய்ச் சொல்லுங்க." பத்மா அவர் தோளைத் தள்ளினாள். சதீஷ்குமார் தலையைக் குனிந்தபடி படியேறுவதைப் பார்த்ததும், "இவனுக்கு எவ்வளவு தைரியம் பாருங்க! நம்ம வீட்டுல சாப்பிட்ட பய" என்று தானே எழுந்துவிட்டாள்.

சேதுமாதவன் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அவன் மேல தப்பில்ல. நான்தான் போகச் சொன்னேன். எனக்கு அங்க வேலை போயிருச்சு பத்மா."

"என்னது?"

"முந்தாநேத்தோட முடிஞ்சுது. ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க."

மேடையில் போட்டோ எடுத்தார்கள். வாசல் பக்கம் யாரோ சிவப்புத் துணியை விலக்கினார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு பத்மா முன்னால் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒரு மாசமா எம் பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஆட்டம் தொடங்கியது. ஸ்வாதி பந்தைப் பிடிக்கவில்லை. கைக்கு நேராக வந்த பந்துகூடக் கிளவுஸில் பட்டுத் தெறித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிப் பொறுக்கி வந்தாள். அவளுடைய டீம் மட்டை பிடிக்கிற முறை வந்ததும், மற்றவர்களோடு பெஞ்சுக்குப் போகாமல் நேராகக் கேலரிக் கம்பி வலையோரம் வந்தாள். சேதுமாதவன் இறங்கிப் போனார்.

"ப்பா, சதீஷ் அங்கிள் எதுக்கு? நீங்கதானே வச்சீங்க?"

"நான்தான்ம்மா வச்சேன்."

"அப்புறம் ஏன்?"

சொன்னார். வேலை போனது, ஊழியராக இருந்தால்தான் பெயர் போடுவார்கள் என்பது, எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னார். ஒரு மாசமாக வாயில் வராதது எத்தனை சின்ன விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான்."

ஸ்வாதி மாஸ்க்கை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. "ஹாலிதா என்ன கேட்டா தெரியுமா? உங்கப்பா பேரு சதீஷ்குமாரான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. கோச் என்னைப் பாக்கவே இல்ல. நான் பொய் சொன்னேன்னு நினைச்சுட்டாங்கப்பா. இப்ப நான்தான் லையர்."

"நான் வீட்டுக்குப் போய்..."

"வீட்டுக்குப் போய் என்னப்பா? இவங்க இங்கதானே இருக்காங்க."

அவர் திரும்பிக் கேலரியைப் பார்த்தார். முதல் வரிசையில் எம்.டி., சந்தியா, தெரிந்த முகங்கள் பாதி. ஊர்க்காரர்கள் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் பொத்தி வைத்தார். ஒரு அவமானத்துக்குப் பயந்து அதைப் பெற்ற பிள்ளையின் தலையில் கொண்டுபோய்க் கட்டியாகிவிட்டது. வலையில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு, பாலீஷ் போட்ட ஷூவோடு புல்லில் கால் வைத்தார். யாரோ செக்யூரிட்டி, "பாய், உதர் நஹி!" என்று, அந்தப் பக்கம் போகக் கூடாதென்று இந்தியில் கத்தினான். நிற்கவில்லை.

பிள்ளைகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வாதியும் பின்னாலேயே வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். கோச் எழுந்து நின்றாள். சேதுமாதவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்வாதி சொன்னது பொய் இல்லை, இந்தப் பெயரை வைத்தது நான்தான் என்றார். கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டது, அதனால் வேறொருவர் பெயரைப் போட்டார்கள், அந்தப் பையன் மேல் தப்பில்லை, நான்தான் இதை வீட்டில் மறைத்துவிட்டேன் என்றும் சொன்னார். எதையும் விடாமல் சொல்லி முடித்தார்.

கோச் ஸ்வாதியின் பக்கம் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, என்னை மன்னித்துவிடு என்றாள். ஒருத்தி எழுந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஸ்வாதியின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்ததும் சேதுமாதவனுக்கு மூச்சு வந்தது. சரி, இந்த ஒன்றையாவது சரி செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

ஹாலிதா கீழக்கரைப் பிள்ளை. அவள் மட்டும் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி எல்லாம் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

"அங்கிள், வேலை போனா விசாவும் போயிரும்ல? எங்க மாமா வீட்டுல அப்படித்தான் ஆச்சு. அப்ப ஸ்வாதி ஊருக்குப் போயிருவாளா?"

தமிழ் தெரியாத மற்ற பிள்ளைகள் என்ன கேட்டாள் என்று விழித்தார்கள். காலில் கட்டிய பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஸ்வாதியின் கை நின்றுபோனது. அதுவரை அவள் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை என்பது அவள் நிமிர்ந்து பார்த்ததிலேயே தெரிந்தது.

இல்லம்மா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது என்று வழக்கம்போல வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"தெரியலம்மா. வேற வேலை கிடைக்கலன்னா போய்த்தான் ஆகணும்."

கோச் ஸ்வாதியின் பெயரைச் சொல்லி, அடுத்து நீதான் என்றாள். ஸ்வாதி எழுந்தாள். மட்டையை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி, விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்து போனாள்.