நாகம்மாவின் நீல டிரம்

1

இந்தக் கதை ஒரு வாழைக்காய் பஜ்ஜியில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்கு எதிரே, ஒரு தள்ளுவண்டிக் கடையில், செய்தித்தாளுக்கு நடுவே பஜ்ஜியை வைத்து எண்ணெயை அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குப் பின்னால் நீல நிற டிரம் ஒன்று. என்ன அது என்று கேட்டேன். பழைய எண்ணெய், ஏரோப்ளேனுக்குப் போகிறது என்றார் கடைக்கார அம்மா, சட்னியை ஊற்றிக்கொண்டே. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அப்படியும் செய்கிறார்களாம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (பஜ்ஜியும் காரணமாக இருக்கலாம்.)

2

முதல் வரிக்கு என்னவெல்லாம் பாடுபட்டேன் என்று பாருங்கள்.

"புவி வெப்பமடைந்துவரும் இக்காலகட்டத்தில்..." பள்ளிக் கட்டுரைப் போட்டி. வேண்டாம்.

"இரும்புப் பறவையே, நீ..." கவியரங்கம். வேண்டவே வேண்டாம்.

"டிரம்மை எடுக்க சபீனா வந்தபோது..." இது பரவாயில்லை. ஆனால் சபீனா யார் என்று சொல்ல வேண்டுமே.

சபீனா பூந்தமல்லிக்காரர். கடைகளில் பழைய எண்ணெய் வாங்கும் ஒரு நிறுவனத்துக்காக, அம்பத்தூர் வரை குட்டி வேன் ஓட்டுகிறார். அவர் சேகரிக்கும் எண்ணெய் தூரத்தில் ஓர் ஆலைக்குப் போகிறது. அங்கே வடிகட்டி, ஹைட்ரஜன் சேர்த்து, எரிபொருளாக்கி, வழக்கமான விமான எரிபொருளோடு கலக்கிறார்கள்.*

[* எல்லா விமானத்திலும் இல்லை. கலப்பதும் கொஞ்சம்தான். என் வேதியியல் இதோடு முடிந்தது. ஆனால் இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பணிமனை டிரைவர்கள் தின்ற மிளகாய் பஜ்ஜியின் எண்ணெய், மேகத்துக்கு மேலே. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க விரும்பவில்லை.]

3

கடைக்கார அம்மாவுக்கு நாகம்மா என்று பெயர் வைத்தேன். பதினெட்டு வருடமாக அதே இடத்தில் மாவு கரைக்கிறார். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானங்களைத் தினமும் பார்க்கிறார். ஒன்றிலும் ஏறியதில்லை. எண்ணெய் எங்கே போகிறது என்று சபீனா சொன்ன அன்று, சட்டியில் பஜ்ஜி கருகுவது தெரியாமல் அண்ணாந்து நின்றுவிட்டார்.

"நாந்தான் ஏறல. என் எண்ணெயாவது ஏறட்டும்மா."

(சினிமா வசனம் மாதிரி இருக்கிறது என்று இரண்டு முறை அடித்தேன். நாகம்மா விடவில்லை. இருக்கட்டும்.)

4

தப்பு இங்கேதான் நடந்தது. பால் பாக்கெட்டைக் கவிழ்த்த பிறகு, கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் பாத்திரத்தில் ஊற்றுவோம் அல்லவா? நாகம்மா அதையேதான் செய்தார். தினமும் கடை கட்டும்போது, சட்டியில் வெந்நீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் டிரம்மில் ஊற்றினார்.

போன டிரம்மை ஆலை திருப்பி அனுப்பிவிட்டது. சபீனா அதைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இன்னாக்கா, தண்ணி ஊத்துனியா?"

"சட்டி கழுவி ஊத்துனேம்மா. மேல போற பொருளாச்சே. ஒரு சொட்டுகூட வீணாவக் கூடாதுன்னு."

சபீனாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. எனக்கும்தான். இன்னொரு முறை தண்ணீர் இருந்தால் கடையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன், சுத்தமாக இருந்தால் ஏற்றிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் என் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

இந்த இடத்தில் நான் ஒரு கோழைத்தனம் செய்தேன். வானகரம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஹேமநாதன் என்கிற பொறியாளரை அழைத்துவந்து, எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது எப்படி என்று மூன்று பக்கம் பேச வைத்தேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. எண்ணெயைப் பற்றி நாகம்மாவுக்குச் சொல்லித்தர அவர் யார்? நான்தான் யார்? ஹேமநாதனைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நாகம்மா வெள்ளிக்கிழமை பஜ்ஜி போடவில்லை. டிரம்மின் அடியில் தங்கிய கலங்கல் தண்ணீரை விட்டுவிட்டு, மேலே நின்ற எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டியில் மொண்டு ஊற்றி, சிறுதீயில் வைத்தார். எண்ணெய் சடசடத்தது. மூடியை அரைகுறையாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று, காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் முழுசாக அடங்கியதும் இறக்கி ஆறவைத்து, கழுவிக் காயவைத்த வேறு டிரம்மில் ஊற்றினார். அடுத்த ஈடு. அதற்கு அடுத்தது. டீ நேரத்துக்கு வந்த டிரைவர்கள் வெறும் வாயோடு திரும்பினார்கள். ஒரு ஆள் விடாமல் காரணம் கேட்டார்கள். நாகம்மா மேலே கையைக் காட்டினார்.

6

சனிக்கிழமை காலை பதினோரு மணி. சபீனா வந்துவிட்டார். கதையின் முதல் வரைவில் அவர் கையில் ஈரம் காட்டும் ஒரு மீட்டர் கொடுத்திருந்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டு விளக்குத் திரி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். எண்ணெயில் தண்ணீர் இருந்தால் திரி பொரியும். இல்லையென்றால் பேசாமல் எரியும். நமக்கெல்லாம் தெரிந்த சோதனை.

முடிவு ஒன்று: பேசாமல் எரிகிறது. டிரம் வேனில் ஏறுகிறது. நாகம்மா... (இங்கே அழ வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பொரிகிறது. இதை என்னால் எழுத முடியவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே இப்படி விடுகிறேன். சபீனா டிரம்மின் அடிவரை குழாயை விட்டு எடுத்த எண்ணெயில் திரியை நனைத்துப் பற்றவைக்கிறார். நாகம்மா கண்ணை மூடிக்கொண்டு காதைக் கிட்டே கொண்டுபோகிறார். அந்த நேரம் பார்த்து, தலைக்கு மேல் ஒரு விமானம், சக்கரத்தை இறக்கிக்கொண்டு, பெரிய இரைச்சலோடு வருகிறது. திரி பொரிகிறதா இல்லையா, யாருக்கும் கேட்கவில்லை. நாகம்மா கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்க்கிறார். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அவருக்கு அந்தச் சத்தத்தின் மேல் கோபம் வருகிறது.

"சீக்கிரம் போயேன்," என்கிறார் விமானத்திடம்.

அது போகும்வரை நான் எழுதப் போவதில்லை. திரி இன்னும் எரிகிறது. சத்தம் அடங்கியதும் முதலில் கேட்கப் போவது நீங்கள்தான்.